முன்னால் போன ஐந்து நிமிடம்

அன்புள்ள கண்ணம்மா,

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ "பயணம் எப்படிம்மா இருந்துச்சு" என்று கேட்பாய், நான் "நல்லா இருந்துச்சு" என்பேன், அப்புறம் முழங்கால், தூக்கம் என்று பேச்சு எங்கேயோ போய்விடும். அதனால்தான் எழுதுகிறேன். சைக்கிளில் ஐந்து நாளில் 540 கிலோமீட்டர், பன்னிரண்டு பேர். அதில் மூன்றாம் நாளைப் பற்றி மட்டும் உனக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

அன்று போக வேண்டியது 118 கிலோமீட்டர். காலை ஐந்தரைக்குக் கிளம்பும்போது ஓர் இலைகூட அசையவில்லை. எட்டு மணிக்கு மேல் எதிர்காற்று பிடித்துக்கொண்டது. மேடு என்றால் கண்ணுக்குத் தெரியும், உச்சி வந்தால் முடிந்துவிடும். காற்றுக்கு உச்சி கிடையாது. நாங்கள் மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில்தான் மிதித்தோம். எதிரே 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வந்தால், உடம்பில் வந்து மோதுவது 36 கிலோமீட்டர் வேகக் காற்று. அந்த வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு நாலு மடங்காகும் என்று நீ பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்பாய். எனக்கு அது அன்றுதான் தொடையில் புரிந்தது.

அதற்காகத்தான் வரிசை. முன்னால் போகிறவரின் பின் சக்கரத்தை ஒட்டியே ஒருவர் பின் ஒருவராகப் போனால், பின்னால் வருகிறவருக்கு உழைப்பு நன்றாகவே குறையும். டிராஃப்டிங் என்கிறார்கள். முதல் ஆள் ஐந்து நிமிடம் காற்றை வாங்கிக்கொண்டு இழுப்பார், பிறகு ஒதுங்கி, வேகத்தைக் குறைத்து, வாலில் போய்ச் சேர்ந்துகொள்வார். அடுத்தவர் முன்னால். முதல் இரண்டு நாளும் என் முறை வந்தபோதெல்லாம் அவர்களே என்னைத் தாண்டிப் போய்விட்டார்கள். நானும் ஒன்றும் சொல்லவில்லை. முழங்கால் வலிக்கு சைக்கிள் மிதிக்கச் சொல்லி டாக்டர் சொன்ன பிறகு, ஒன்றரை வருஷமாகத்தான் உன் சைக்கிளை ஓட்டுகிறேன். அவர்களுடைய பழக்கம் எங்கே, என்னுடையது எங்கே.

பதினொரு மணிக்கு என் பின் டயர் பஞ்சர். ட்யூபை மாற்றினோம். நாலு கிலோமீட்டர் போவதற்குள் மறுபடியும் இறங்கிவிட்டது. கூட வந்தவர்களில் உன் வயதுப் பெண் ஒருத்தி, "புதுசு போட்டா இதுவும் போயிடும், முதல்ல காரணத்தைக் கண்டுபிடிக்கணும்" என்று ரோட்டோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். ட்யூபில் காற்றடித்துக் காதருகே வைத்துக் கேட்டாள். வால்விலிருந்து ஒரு சாண் தள்ளி ஓட்டை. ட்யூபை டயர்மேல் அப்படியே பொருத்தி வைத்து, டயரில் அதே இடத்தை உள்பக்கமாக விரலால் மெல்லத் தடவினாள். ஒன்றும் தட்டுப்படவில்லை. பையிலிருந்து கொஞ்சம் பஞ்சை எடுத்துத் தேய்த்தபோது, ஓரிடத்தில் பஞ்சின் இழை மாட்டிக்கொண்டு நின்றது. அங்கே ஒரு கம்பி. இமை முடி அளவுதான் இருக்கும். லாரி டயர் கிழிந்து சிதறும்போது அதற்குள் இருக்கிற எஃகுக் கம்பிகள் ரோட்டோரம் உதிர்ந்து கிடக்குமாம், அதில் ஒன்று. நகவெட்டியால் கடித்துப் பிடித்து இழுத்து, என் உள்ளங்கையில் வைத்தாள். மற்ற பத்துப் பேரும் நாற்பது நிமிடம் வெயிலில் நின்றார்கள். நான் மன்னிப்புக் கேட்டதற்கு, "நாளைக்கு என் டயரா இருக்கும்" என்றார் ஒருவர்.

அந்த நேரத்தில் எங்களோடு வந்த ஒரு பெரியவர் 1891-இல் பிரான்ஸில் நடந்த ஒரு சைக்கிள் பந்தயத்தைப் பற்றிச் சொன்னார். பாரிஸிலிருந்து ப்ரெஸ்ட் நகரம் வரை போய்த் திரும்ப வேண்டும், ஏறத்தாழ 1200 கிலோமீட்டர். முதலில் வந்த ஷார்ல் தெரோன் என்பவருக்கு 71 மணி நேரத்துக்கு மேல் ஆனதாம். காற்றடைத்த டயர் புதிதாக வந்த காலம், அவர் ஓட்டியதும் அந்த மாதிரி டயர்தான். இன்றைக்கும் பாரிஸ்-ப்ரெஸ்ட்-பாரிஸ் என்ற பேரில் நாலு வருஷத்துக்கு ஒருமுறை, 90 மணி நேரத்துக்குள் அந்தத் தூரத்தை முடிக்கப் பல நாட்டுக்காரர்கள் போகிறார்கள். அப்போது அது பந்தயம், இப்போது போட்டி இல்லை, நேரத்துக்குள் முடித்தால் போதும். அவர் பேசப் பேச நான் உன்னைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

காலேஜ் இரண்டாம் வருஷம் நீ நாலு நாள் சைக்கிள் பயணம் போகிறேன் என்று கேட்டாய். ஒவ்வொரு நாளும் எத்தனை கிலோமீட்டர், எங்கே தங்குவது, யார் யார் வருகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதி மேசையில் வைத்தாய். நான் அதைக் கையில்கூட எடுக்காமல் வேண்டாம் என்றேன். லாரி, இருட்டு, உடம்புக்கு ஏதாவது ஆனால் என்று அடுக்கினேன். நீ எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. தாளை மடித்து எடுத்துக்கொண்டு போனாய். அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

மத்தியானம் மூன்று மணிக்கு மேல், அதிக நேரம் இழுத்துக்கொண்டிருந்த இரண்டு பேருக்குக் காலில் தசை பிடித்துக்கொண்டது. வழிநடத்துகிறவர் என் பக்கத்தில் வந்து, "அக்கா, அஞ்சு நிமிஷம் முன்னால வர்றீங்களா?" என்றார். சரி என்றேன்.

முன்னால் போனால் முதலில் தெரிவது சத்தம். அதுவரை முன்னால் போகிறவரின் செயின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. இப்போது காதில் காற்று மட்டும். பின்னால் பதினோரு பேர் வருகிறார்கள், ஒருவரையும் பார்க்க முடியாது. திடீரென்று பிரேக் பிடிக்கக் கூடாது, மிதிப்பதைச் சட்டென்று நிறுத்தக் கூடாது. என் சக்கரத்துக்குப் பின்னாலேயே இன்னொரு சக்கரம். இடது ஓரத்தில் ஒரு பள்ளம் தெரிந்தது. கையைக் கீழே காட்டி "குழி!" என்று கத்தினேன். பின்னால் ஒருவர் "குழி", அவருக்குப் பின்னால் இன்னொருவர் "குழி" என்று அந்தச் சொல் வால் வரைக்கும் போவது கேட்டது. கொஞ்ச நேரத்தில் வாலிலிருந்து "வண்டி, வண்டி" என்று குரல் ஏறி ஏறி என்னிடம் வந்தது. ஒரு லாரி எங்களைத் தாண்டிப் போனது. அது வருவது அதற்கு முன்பே எனக்குத் தெரிந்திருந்தது.

நான் பயந்தது இந்த லாரிக்குத்தான், கண்ணம்மா. ரோட்டில் நீ தனியாக இருப்பது போலவே என் மனசில் படம் ஓடியது. உன்னைச் சுற்றி இப்படிக் குரல்கள் இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயற்சியும் செய்யவில்லை. அன்று வேண்டாம் என்று சொன்னது என் தப்பு. உனக்குக் கிடைக்க வேண்டிய நாலு நாளை நான் எடுத்துக்கொண்டுவிட்டேன்.

ஐந்து நிமிடம் முடிந்து ஒதுங்கியபோது ஒவ்வொருவராக என்னைத் தாண்டிப் போனார்கள். அந்தப் பெண் போகும்போது ஹேண்டில்பாரிலிருந்து இரண்டு விரலை மட்டும் தூக்கிக் காட்டினாள். அன்றைக்கு இன்னும் இரண்டு தடவை முன்னால் போனேன். இருட்டுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டோம்.

சீட்டுக் கம்பியில் உன் அளவுக்கு நீ ஒட்டிய சிவப்பு டேப் அப்படியே இருக்கிறது. என் அளவு அதற்கு இரண்டு விரல் கீழே. அடுத்த பயணத்துக்குள் எனக்கென்று ஒரு சைக்கிள் வாங்கிவிடுவேன், இதை உனக்காகச் சர்வீஸ் செய்து வைக்கிறேன். எத்தனை நாள் லீவு கிடைக்கும் என்று பார்த்துச் சொல்.

அந்தத் தாள் உன்னிடம் இருந்தால் அனுப்பு. படிக்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா