பாட்டிக்கு ஒரு பங்கு கொடுங்கள்

தொலைக்காட்சியில் காமெடி நிகழ்ச்சி தயாரிக்கும் ஐயா, அம்மா எல்லோருக்கும்,

வணக்கம். என் பெயரைச் சொன்னால் தெரியாது. பாட்டி வேடம் போடும் காமெடியன் நான்; ரேஷன் கடைப் பாட்டி என்றால் தெரியும்.

போன பங்குனியில் திண்டுக்கல் பக்கம் ஒரு மாரியம்மன் கோயில் திருவிழா. பாட்டுக் கச்சேரிக்கு நடுவே எனக்கு இருபது நிமிடம். பாட்டியாகக் கைரேகை மிஷின்முன் நின்றேன். விரலை முந்தானையில் துடைத்தேன், எச்சில் தொட்டு மறுபடி வைத்தேன். மிஷின் ஏற்கவில்லை. இப்போது கடைக்காரரை நிமிர்ந்து பார்த்து இரண்டு நொடி சும்மா இருக்க வேண்டும். அந்த இரண்டு நொடிதான் என் தொழில். அதற்குள் முன்வரிசையில் ஒரு பொடியன் நான் சொல்ல வேண்டியதைக் கத்திவிட்டான்: "அறுபது வருசமா எம் புருசனே என்னை அடையாளம் கண்டுக்கல, இது எங்க கண்டுக்கப்போவுது!" கூட்டம் சிரித்தது, அவனுக்கு. பேசிய பணத்தில் ஆயிரத்தைப் பிடித்துக்கொண்ட கமிட்டிக்காரர், "எல்லாம் போன்ல பாத்ததுதானே தம்பி" என்றார்.

அவர்மேல் கோபமில்லை. அவர் சொன்னது உண்மை.

ரேஷன் கடைக்குக் கைரேகை மிஷின் வந்த 2020இல், அம்மாச்சியோடு வரிசையில் நின்றபோது கிடைத்த விஷயம் அந்தப் பாட்டி காமெடி. கச்சேரி இடைவேளைகளிலும், சென்னையில் காபிக் கடை மாடி ஓப்பன் மைக்கிலும் ஒன்றரை வருடம் தேய்த்தேன். (ஓப்பன் மைக் என்றால் புதியவர்களும் ஏறிப் பேசிப் பார்க்கும் மேடை. அதில் ஐந்து நிமிடம் பேச நான்தான் காசு கட்டினேன்.) 2022இல் உங்களில் ஒருவரின் மேடையில் ஆறு நிமிடம் செய்தேன். நாலாயிரம் ரூபாய், அதுவும் ஐந்து மாதம் கழித்து. சேலையும் விக்கும் என் செலவு. அதன் பிறகு பாட்டி பொங்கல் சிறப்பு நிகழ்ச்சியில் வந்தாள், தீபாவளித் தொகுப்பில் வந்தாள், யூடியூபில் நடுநடுவே விளம்பரத்தோடு வந்தாள், ரீல்ஸில் என் பெயர் இல்லாமல் வந்தாள். மேடையில் பத்து வருடம் சோறு போட்டிருக்க வேண்டியவள். எனக்கு வந்தது அந்த நாலாயிரம் மட்டும்.

நான் கேட்பது இதுதான்: மறு ஒளிபரப்புக்கும் யூடியூபுக்கும் எங்களுக்கு ஒரு பங்கு கொடுங்கள். வீடியோ துணுக்கின் கீழே எங்கள் பெயரைப் போடுங்கள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாயே என்பீர்கள். போட்டேன். பாட்டி மேக்கப்பில் இருந்தபோது நீட்டினார்கள், பதினொரு பக்கம், ஆங்கிலம். ஒளிபரப்பும் உரிமை "பிரபஞ்சம் முழுவதும்" என்று இருந்ததைப் பின்னால்தான் ஒரு வக்கீல் நண்பர் படித்துச் சொன்னார். சரி, செவ்வாயில் ரேஷன் கடை திறந்தால் சொல்லி அனுப்புங்கள்.

சட்டமும் எங்களை மறக்கவில்லை. நிகழ்த்துபவர் யார் என்று பதிப்புரிமைச் சட்டம் பட்டியல் போடும்போது நடிகர், பாடகர், கழைக்கூத்தாடி, பாம்பாட்டி வரை சொல்கிறது. காமெடியன் என்று தனியாக இல்லை, "வேறு எவரும்" என்பதில் நாங்கள் அடக்கம். அந்த எவருக்கும், வணிகப் பயன்பாட்டுக்கு ராயல்டி, அதாவது பங்குத்தொகை, உண்டு என்று 2012 திருத்தம் சொல்கிறது. பாடகர்கள் சங்கம் வைத்து வசூலிக்கிறார்கள். நாங்கள் இன்னும் வாட்ஸப் குழுவில் "காலை வணக்கம்" போட்டுக்கொண்டிருக்கிறோம், அது எங்கள் தப்பு.

பங்கு கேட்டால் உடனே, "சிவகார்த்திகேயனைப் பாருங்க, சந்தானத்தைப் பாருங்க" என்பீர்கள். பார்த்தோம், சந்தோஷம். மிச்சப் பேருக்கு சினிமா என்பது, "மச்சான், அந்தப் பொண்ணு வருதுடா" என்று சொல்லிவிட்டுக் கதாநாயகன் தோளுக்குப் பின்னால் நிற்பது. என்னையும் ஒரு படத்துக்குக் கூப்பிட்டார்கள். அந்தப் பாட்டியையே கொஞ்சம் பண்ணுங்க என்றார்கள். எடிட்டிங்கில் பாட்டி போய்விட்டாள்.

எங்களைப் போல டிவி காமெடி செய்தவர்களில், 2020 செப்டம்பரில் வடிவேல் பாலாஜி போனார். 2025 செப்டம்பரில் ரோபோ சங்கர் போனார், வயது 46. இரண்டு முறையும் ஊரே பழைய துணுக்குகளைப் போட்டுப் போட்டுப் பார்த்து அழுதது. எங்கள் துணுக்குகள் அதிகம் ஓடுவது நாங்கள் செத்த வாரத்தில்தான் போலிருக்கிறது.

மன்னிக்கவும், மரியாதையாகக் கேட்கத்தான் உட்கார்ந்தேன். டிவி இல்லையென்றால் திண்டுக்கல் கமிட்டிக்காரருக்கு என் போன் நம்பரே தெரிந்திருக்காது, அதை மறுக்கவில்லை. அடுத்த சீசனுக்கு ஒப்பந்தம் அடிக்கும்போது ஒரு பக்கத்தைத் தமிழில் அடியுங்கள். அதில் பெயர், பங்கு இரண்டும் இருக்கட்டும். பழைய எபிசோடுகளுக்கும் பார்த்துச் செய்யுங்கள்.

என் வங்கிக் கணக்கு எண் உங்களிடம் இருக்கிறது. 2022இல் கொடுத்ததுதான், மாறவில்லை.

இப்படிக்கு,
ரேஷன் கடைப் பாட்டி