கேன்சர் வார்டு சார்ட்ல மனசுக்கும் ஒரு கட்டம் வேணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல கேன்சர் சிகிச்சை பத்தி அரைப்பக்கத்துக்கு ஒரு கட்டுரை வந்துச்சு. புது ரேடியேஷன் மெஷின், மருந்து விலை, காப்பீட்டு கார்டுல எது எது வரும்னு எல்லாம் விவரமா போட்டிருந்தீங்க, பலருக்கு உதவும். ஆனா அந்த மெஷினுக்கு அடியில படுத்திருக்கிறவங்க மனசு என்ன பாடுபடுதுன்னு ஒரு வரி கூட இல்ல. நான் சென்னையில ஒரு கேன்சர் வார்டுல ரொம்ப வருஷமா ஸ்டாஃப் நர்ஸா இருக்கேன், எம்.எஸ்சி. நர்சிங் படிச்சிருக்கேன், அதனால இத எழுதியே ஆகணும்னு தோணுச்சு.

எங்க வார்டுல ஒவ்வொரு ஷிஃப்ட்லயும் டெம்பரேச்சர், பல்ஸ், மூச்சு, பிபி, அப்புறம் வலி எவ்ளோன்னு கேட்டு சார்ட்ல எழுதுறோம். ஆறாவதா மன உளைச்சலையும் சேர்த்துப் பாக்கணும்னு வெளிநாடுகள்ல ரொம்ப காலமா சொல்லிட்டு வராங்க. அதுக்கு பெரிய டெஸ்ட் எதுவும் வேணாம். நியூயார்க்ல ஜிம்மி ஹாலண்ட்னு ஒரு மனநல டாக்டரம்மா இருந்தாங்க, அவங்க குழு 1998ல ஒரு தெர்மாமீட்டர் படத்த போட்டு 0ல இருந்து 10 வரைக்கும் நம்பர் எழுதி, இந்த ஒரு வாரமா மனசு எவ்ளோ கஷ்டமா இருக்குன்னு கேட்டாங்க. 4 அல்லது அதுக்கு மேல சொன்னா உக்காந்து பேசணும். பக்கத்துலயே காசு, பிள்ளைங்க, தூக்கம், பயம், போக்குவரத்துன்னு ஒரு லிஸ்ட் இருக்கும், எது கஷ்டமோ அதுல டிக் போட்டுடலாம். ரெண்டு மூணு நிமிஷ வேலை.

நம்ம ஊர் ஜனங்களுக்கு பத்துல எத்தனன்னு கேட்டா சில பேருக்கு சட்டுனு பிடிபடாது, நான் ஒரு ரூபாய்ல எத்தன பைசான்னு கேப்பேன். பூ கட்டி வியாபாரம் பண்ற ஒரு அக்கா, மார்புல கேன்சர், கீமோவுக்கு வருவாங்க. எப்போ கேட்டாலும் "நல்லா இருக்கேன் சிஸ்டர்"னு சிரிச்சுக்கிட்டே சொல்லுவாங்க, டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தாலும் அதே பதில்தான். ஒரு நாள் கேனுலா போட்டுட்டு டிரிப்ப ஓட விட்டுட்டு பக்கத்துலயே ஸ்டூல்ல உக்காந்து, "அக்கா, ஒரு ரூபாய்ல எத்தன பைசா மனசு கஷ்டம்"னு கேட்டேன். டிரிப்பயே பாத்துட்டு இருந்தவங்க "தொண்ணூறு பைசா"ன்னாங்க. அப்புறம்தான் எல்லாம் வந்துச்சு, பொண்ணுக்கு வரன் பேசிட்டு இருக்காங்க, மாப்பிள்ளை வீட்ல சாதாரண கட்டின்னுதான் சொல்லி வச்சிருக்காங்க, முடி கொட்டினது வெளிய தெரிஞ்சா சம்பந்தம் நின்னுடும்னு அடுத்த கீமோவுக்கு வரவே வேணாம்னு முடிவு பண்ணி வச்சிருந்தாங்க. அந்தக் கேள்விய கேக்காம விட்டிருந்தா அடுத்த தேதியில பெட் காலியா இருந்திருக்கும், ஃபைல்ல "வரவில்லை"னு எழுதி மூடியிருப்போம். மெடிக்கல் சோஷியல் வொர்க்கரயும் டாக்டரயும் கூட்டி வச்சு வீட்டுக்காரர்கிட்ட பேசினோம், அந்த அக்கா கோர்ஸ முழுசா முடிச்சாங்க.

இது எங்கயோ ஒருத்தருக்கு நடக்குற விஷயம் இல்லைங்க. 2011ல லான்செட் ஆன்காலஜிங்கிற மருத்துவ ஆய்வுப் பத்திரிகையில பல நாட்டு ஆய்வுகளையும் சேர்த்து பாத்தப்போ, ஹாஸ்பிடல்ல இருக்கிற கேன்சர் பேஷண்ட்டுங்கள்ல 100க்கு 30ல இருந்து 40 பேருக்கு மனச்சோர்வோ, பதட்டமோ, நோய ஏத்துக்க முடியாத தவிப்போ ஏதாவது ஒண்ணு இருந்துச்சு. ஸ்காட்லாந்துல 21,000 பேருக்கு மேல பாத்தாங்க, கடுமையான டிப்ரஷன் இருந்தவங்கள்ல 100க்கு 73 பேருக்கு அதுக்கான சரியான சிகிச்சையே போய்ச் சேரல. அவ்ளோ வசதி இருக்கிற ஊர்லயே இந்த நிலைன்னா நம்ம வார்டுகள நினைச்சுப் பாருங்க.

அதே ஸ்காட்லாந்துல 2014ல வெளிவந்த இன்னொரு ஆய்வுதான் எனக்கு ரொம்ப முக்கியம். டிப்ரஷன் இருந்த 500 கேன்சர் பேஷண்ட்டுங்கள ரெண்டு குரூப்பா பிரிச்சாங்க, ஒரு குரூப்புக்கு வழக்கமான கவனிப்பு, இன்னொரு குரூப்புக்கு பயிற்சி எடுத்த கேன்சர் நர்ஸ் நாலு மாசத்துல 10 தடவை வரைக்கும் உக்காந்து பேசி, ஒவ்வொரு பிரச்சனையா எடுத்து வழி தேட கத்துக்கொடுத்தாங்க, மேல இருந்து சைக்யாட்ரிஸ்ட் வழிநடத்தினாரு. 24 வாரம் கழிச்சு பாத்தா நர்ஸ் கவனிச்ச குரூப்ல 100க்கு 62 பேருக்கு டிப்ரஷன் பாதிக்குப் பாதி குறைஞ்சிருந்துச்சு, மத்த குரூப்ல 17 பேருக்குத்தான். அத செஞ்சது நர்ஸுங்க சார். கேள்வி கேட்டு நம்பர் எழுதுறதோட நின்னா ஒரு பிரயோஜனமும் இல்ல, மனச தொறக்க வச்சுட்டு யாரும் திரும்பிப் பாக்கலன்னா அது இன்னும் கொடுமை, அடுத்து யார் வந்து பேசுவாங்கன்னு முதல்லயே முடிவு பண்ணியிருக்கணும்.

சென்னையில இதெல்லாம் யாருக்கும் தெரியாதுன்னு நான் சொல்ல வரல. முத்துலட்சுமி ரெட்டி அம்மா 1954ல ஆரம்பிச்ச அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்ல இதுக்குன்னே தனி டிபார்ட்மென்ட் இருக்கு, மனசார பாராட்டணும். ஆனா கேன்சர் பாக்குற மத்த இடங்கள்ல எத்தன வார்டுல அப்படி ஒரு ஆள் இருக்காங்க? நான் வேலை பாக்குற இடத்துல ஹாஸ்பிடல் முழுசுக்கும் ஒரே கவுன்சலர்தான், அவங்கள எங்க வார்டுக்கு கூட்டிட்டு வர்றதுக்குள்ள பேஷண்ட் டிஸ்சார்ஜ் ஆகிப் போயிடுறாங்க.

இப்போ நான் முக்கியமா சொல்ல வந்த விஷயத்துக்கு வரேன். கிண்டியில இருக்கிற டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கு கீழ எத்தனையோ நர்சிங் காலேஜ் இருக்கு, எம்.எஸ்சி. பண்ற ஒவ்வொரு பிள்ளையும் ஒரு தீசிஸ் பண்ணணும், வருஷா வருஷம் கேன்சர் பேஷண்ட்டோட பதட்டம், டிப்ரஷன்னு தலைப்பு வந்துட்டே இருக்கு. பெரும்பாலும் ஒரே மாதிரிதான், எத்திக்ஸ் கமிட்டில பெர்மிஷன் வாங்கி, ஒரு ஹாஸ்பிடல்ல அறுபது பேர பிடிச்சு, ப்ரீ டெஸ்ட், அப்புறம் சில நாளைக்கு மூச்சுப் பயிற்சியோ மியூசிக்கோ தசை தளர்த்துற பயிற்சியோ, உடனே போஸ்ட் டெஸ்ட், பதட்டம் குறைஞ்சுதுன்னு ரிசல்ட். பைண்ட் பண்ணி தங்க எழுத்து போட்டு லைப்ரரிக்கு போயிடும். ஆறு மாசம் கழிச்சு, கையில காசு கரைஞ்சு, சொந்தக்காரங்க வர்றது நின்னு போனப்புறம் அதே அறுபது பேர் எப்படி இருக்காங்கன்னு யாரும் போய் பாக்குறதில்ல, பாக்க அந்தப் பிள்ளைக்கு நேரமும் இல்ல, கோர்ஸே முடிஞ்சுடும். ஒவ்வொருத்தரும் அதே கேள்வித்தாள தனித்தனியா தமிழ்ல மொழிபெயர்க்கிறாங்க, ஒண்ணுக்கொண்ணு ஒப்பிடவே முடியாது. இத்தன பிள்ளைங்க உழைப்பும், வலியோட உக்காந்து பதில் சொன்ன பேஷண்ட்டுங்க பொறுமையும் அலமாரிக்குள்ள கிடக்குது.

குழந்தைங்க பக்கம் இன்னும் மோசம். கீமோ பத்தி அம்மாவுக்கு என்ன தெரியும்னு கேள்வி கேட்டு மார்க் போடுற தீசிஸ்தான் அதிகம். அந்த அம்மா தூங்கி எத்தன நாள் ஆச்சுன்னு யாரு கேட்டா? பிள்ளைங்களுக்கு அதிகமா வர்றது ரத்தப் புற்றுநோய்தான், அதுல பெரும்பாலும் வர்ற வகைக்கு ரெண்டு மூணு வருஷம் மருந்து ஓடும், அவ்ளோ நாளும் ஊர்ல இருக்கிற மூத்த பிள்ளைய பாட்டி வீட்ல விட்டுட்டு, வீட்டுக்காரர் கூலி போகாம, எக்மோர் குழந்தைங்க ஹாஸ்பிடல் மாதிரி இடங்கள்ல பெட் பக்கத்துலயே பாய விரிச்சு கிடக்குறவங்க அவங்க. பணக்கார நாடுகள்ல கேன்சர் வந்த பிள்ளைங்கள்ல 100க்கு 80 பேருக்கு மேல குணமாகுறாங்க, ஏழை நாடுகள் பலதுல 30 பேர் கூட இல்லன்னு உலக சுகாதார அமைப்பு சொல்லுது, பாதியில சிகிச்சைய விட்டுட்டுப் போறதையும் ஒரு காரணமா அவங்களே சொல்றாங்க. பாதியில போறதுக்கு காசு மட்டும் காரணம் இல்ல, அம்மா உடைஞ்சு போறதும் ஒரு காரணம்னு நான் கண்ணால பாத்திருக்கேன்.

ஆறு வயசு பையன் ஒருத்தன், உள்ள வந்ததும் ஷூவ கூட கழட்டாம "இன்னைக்கு முதுகுல ஊசியா ஆன்ட்டி?"ன்னுதான் முதல்ல கேப்பான். கூட வந்தவங்க இல்லடா கண்ணான்னு பொய் சொல்லி படுக்க வச்சா அவன் அடுத்த தடவை யாரையும் நம்ப மாட்டான், ஆமாடா, இன்னைக்குத்தான், எப்போ குத்துவோம்னு சொல்லிட்டே குத்துவோம்னு சொன்னா அழுதாலும் கைய கொடுப்பான். ஊசி போடுறப்போ சோப்பு நுரைய ஊத விடுறது, போன்ல கார்ட்டூன் காட்டுறதுன்னு கவனத்த திருப்பினா பிள்ளைங்களுக்கு வலி குறையுதுன்னு ஆய்வுகள்ல நல்லாவே நிரூபிச்சிருக்காங்க. சிரிக்கிற மூஞ்சில இருந்து அழுற மூஞ்சி வரைக்கும் ஆறு படம் போட்ட வலி அட்டை உலகம் பூரா இருக்கே, அத உருவாக்குனவங்கள்ல ஒருத்தர் டோனா வோங்னு ஒரு நர்ஸ்தான். ஒரு பக்க பிரிண்ட் அவுட், அது கூட பல வார்டுல கிடையாது.

அதனால யுனிவர்சிட்டியும் சுகாதாரத்துறையும் கொஞ்சம் மனசு வைக்கணும்னு கேட்டுக்கறேன். ஒரே தமிழ் படிவம், எல்லா காலேஜும் சேர்ந்து ஒரே ஆய்வு, ஆறு மாசத்துக்கு ஃபாலோ அப், ஒரு பேட்ச் விட்ட இடத்துல இருந்து அடுத்த பேட்ச் பிள்ளைங்க தொடரட்டும். கேன்சர் வார்டு சார்ட்ல மன உளைச்சலுக்கு ஒரு கட்டம், குழந்தைங்க வார்டுல அம்மாவுக்கும் ஒரு கட்டம். பயிற்சி கொடுத்து ஷிஃப்ட்டுக்கு ஒரு நர்ஸயாவது இதுக்குன்னே விடணும், டிரிப் மாத்துறது, ஸ்டோர்ல சாமான் கேட்டு இன்டெண்ட் எழுதுறதுன்னு எல்லாத்தையும் அவங்க தலையிலயே கட்டக்கூடாது. அதுக்கு ஆள் வேணும், காலிப் பணியிடத்த நிரப்பணும், தொகுப்பூதியத்துல வருஷக்கணக்கா ஓடுற நர்ஸுங்கள நிரந்தரமாக்கணும், இல்லன்னா இந்த கட்டமும் சும்மா டிக் போடுற கட்டமாத்தான் ஆகும். 2021ல இருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வலி நிவாரண சிகிச்சைக்கு வீட்டுக்கே நர்ஸ் போறாங்க, அவங்க பையிலயும் இந்த ஒரு தாள் இருந்தா டிஸ்சார்ஜுக்கு அப்புறமும் யாராவது கேட்ட மாதிரி இருக்கும்.

உங்ககிட்ட ரெண்டே விஷயம் கேக்குறேன். கேன்சர் பத்தி எப்போ போட்டாலும் அடியில 14416ன்னு டெலி மனஸ்ங்கிற அரசு மனநல உதவி நம்பர போடுங்க, காசு கிடையாது, ராத்திரி பகல் எப்போ வேணா கூப்பிடலாம், தமிழ்லயே பேசலாம், நோயாளியோட கூட இருக்கிறவங்களும் பேசலாம். இன்னொண்ணு, உங்க நிருபர் ஒருத்தர நாலு நர்சிங் காலேஜ் லைப்ரரிக்கு அனுப்பி, அங்க இருக்கிற தீசிஸ்ல எதாவது ஒண்ணு ஒரு வார்டுக்காவது வேலைக்கு வந்திருக்கான்னு விசாரிச்சு எழுதச் சொல்லுங்க. அவருக்கு விவரம் எதாவது வேணும்னா நான் உதவத் தயார். அரசு வேலையில இருக்கிறதால பேர மட்டும் வெளியிடாம விட்டுடுங்க.

இப்படிக்கு,
ஒரு கேன்சர் வார்டு நர்ஸ்,
பெரம்பூர், சென்னை