பதின்மூன்றாவது தட்டு

எலே மணி,

நீ அனுப்பிய அல்வாப் படத்துக்கு எட்டு மாதமாகப் பதில் போடவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். அம்மாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது? இங்கே எல்லோரும் சௌக்கியம். சின்னவளுக்கு முன்பல் விழுந்து பொக்கைச் சிரிப்பு. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன சனிக்கிழமை ஆபீஸ் சிநேகிதன் ஒருவனோடு பனிச்சறுக்குக்காகப் பெர்தட் கணவாய்க்குப் போனேன். டென்வரிலிருந்து ஒன்றரை மணி நேரம், 11,307 அடி உயரம். லிஃப்ட் கிடையாது. ஸ்கீ என்கிற சறுக்குப் பலகைக்கு அடியில் பின்னால் வழுக்காத பட்டையை ஒட்டிக்கொண்டு நாமே ஏறி நாமே இறங்க வேண்டும். "நாற்பது தாண்டி உனக்கு எதுக்குல இது" என்று நீ கேட்பது இங்கே கேட்கிறது. அன்று காலை கொலராடோ பனிச்சரிவுத் தகவல் மையம் போட்டிருந்த ஆபத்து அளவு 3. ஐந்துக்கு மூன்று என்றால் பாஸ் மார்க் மாதிரித் தெரியும். நிறையப் பேர் சாவது அந்த மூன்றில்தான்.

ஏறிப்போய், பனி எப்படி அடுக்கடுக்காக இருக்கிறது என்று குழி தோண்டிப் பார்த்தோம். மேலே அரை மீட்டர் பனி, வெட்டினால் கட்டித்தயிர் மாதிரி நிற்கிறது. அதற்கு அடியில், தரையை ஒட்டி, சாட்சாத் கல்லுப்பு! அள்ளினால் விரலிடுக்கில் கொட்டுகிறது, ஒன்றோடொன்று ஒட்டவே மாட்டேன் என்கிறது. சீசன் தொடக்கத்தில் பெய்கிற கொஞ்சப் பனிக்குக் கீழே தரை உறைநிலையை ஒட்டித்தான் இருக்கும். மேலே காற்றோ கடுங்குளிர். கீழிருந்து நீராவி ஏறி ஏறித் துகள்களை இப்படிப் பட்டை தீட்டிய பரல்களாக ஆக்கிவிடுகிறது. ஜனவரியில் பெய்ததெல்லாம் அந்த உப்பின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

90 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு பாளம் வெட்டி, ஓர் ஓரத்தில் மண்வெட்டியை வைத்துத் தட்டினேன். மணிக்கட்டால் பத்து, முழங்கையால் பத்து, தோளால் பத்து என்று கணக்கு. பதின்மூன்றாவது தட்டில் பாளம் முழுவதும் ஒரே விள்ளலாக நழுவி மடியில் விழுந்தது. நாம் ஏறி நின்றால் சரிவும் இப்படியே நழுவலாம் என்று அர்த்தம்.

சிநேகிதன் எதிரே காட்டினான். 36 பாகைச் சரிவு, அதில் யாரோ இறங்கிய நாலு தடம். "அவங்க போயிருக்காங்களே?"

குறுக்குத்துறையில் தாமிரபரணி வெள்ளத்தன்று நீ சொன்னதும் இதேதான். "மூணு பேர் குதிச்சாச்சுல." அப்புறம் நம்ம மொட்டைப் பயலை எங்கே போய் எடுத்தோம்?

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன் மணி, "சரி, போகலாம்" என்றது நான்தான். குழியும் தட்டும் சொன்னதையெல்லாம் நாலு கோடு அழித்துவிட்டது. முகட்டில் பத்தடி வைத்திருப்போம், காலடியில் 'வும்ஃப்' என்று நெல்மூட்டை விழுந்த சத்தம். அடியிலிருந்த உப்பு நொறுங்கி, பனி ஒரு விரற்கடை கீழே இறங்கியது. தள்ளி நின்ற செடி ஆடியது. இருவரும் ஒன்றும் பேசவில்லை. மரங்களுக்கு நடுவே, சாய்வு குறைந்த வழியாக இறங்கிவிட்டோம். புதைந்தவன் இருக்குமிடம் காட்டும் பீக்கன் கருவி, பனியில் குத்தித் தேடும் கம்பி எல்லாம் இருந்தன, ஆனால் புதைந்தவனைப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் எடுத்தாக வேண்டும். தோண்ட மிச்சம் இருப்பது ஒரே ஆள்.

ஞாயிறன்று அவன் படம் அனுப்பினான். அதே சரிவு, மேலும் புதுத் தடங்கள், கீழே "பார்த்தியா?" சரிவு அப்படியே நிற்கிறது. இதுதான் என்னை அரிக்கிறது. நான் திரும்பியது புத்தியா வெறும் பயமா என்று மலை மார்க் போடாது. ஏழு வருடமாகப் பத்திரமாக வந்திருக்கிறேனே, அதில் எத்தனை தடவை அது சும்மா விட்டதோ!

வீட்டில் சொல்லவில்லை, போனில் உளறிவிடாதே. வருகிற சனிக்கிழமைக்கும் கூப்பிட்டிருக்கிறான். நீ என்ன சொல்கிறாய்? மொட்டையைக் கேட்காதே, அவன் இன்னும் குதி என்றுதான் சொல்வான்.

உன்,
குண்டன்