அம்மா வெளியே வந்து உட்கார்ந்திருக்கிறார்

கொல்லைப்புற வேலைக்குக் கை கொடுத்த எல்லோருக்கும் வணக்கம்.

வேலை முடிந்து மூன்று வாரம் ஆகிறது. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக நன்றி சொன்னேன்தான். ஆனால் யார் செய்தது எதைக் காப்பாற்றியது என்பதை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. இன்று சாயங்காலம் அம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு, யாரையும் கூப்பிடாமல், தானே பின்வாசல் வழியாக இறங்கிப் போய் மரத்தடியில் உட்கார்ந்ததைப் பார்த்ததும், இதற்கு மேல் தள்ளிப்போட மனம் வரவில்லை.

முதல் நன்றி அம்மாவுக்குப் பயிற்சி கொடுக்க வரும் பிசியோதெரபிஸ்ட் அக்காவுக்கு. வீட்டின் பின்பக்கம் பேவர் கல் பதித்து, பந்தல் போட்டு, நான்கு நாற்காலி வாங்கினால் போதும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். "அம்மா அந்த இரண்டு படியை எப்படி இறங்குவாங்க?" என்று நீங்கள் கேட்ட பிறகுதான் திட்டமே சரியான இடத்தில் தொடங்கியது. பின்வாசலுக்கும் தரைக்கும் 30 சென்டிமீட்டர் வித்தியாசம். உயரம் ஒன்றுக்கு நீளம் பன்னிரண்டு என்ற கணக்கில் சரிவுப்பாதை போட்டால் 3.6 மீட்டர் நீளம் வேண்டும் என்று நீங்கள் சொன்னபோது, இருக்கிற இடத்தில் பாதி அதற்கே போய்விடுமே என்று கவலையாக இருந்தது. சுவரை ஒட்டியே அதைக் கொண்டுபோகலாம் என்று வழி சொன்னதும் நீங்கள்தான். கைப்பிடியின் உயரத்தை அம்மாவையே நிற்க வைத்து அளந்தீர்கள். நாற்காலியின் இருக்கை 45 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது, ஊன்றி எழக் கை வைத்திருக்க வேண்டும் என்றீர்கள். தாழ்வான சோபா ஒன்றை ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தேன், நல்லவேளை வாங்கவில்லை.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு. "எதையும் கட்டுறதுக்கு முன்னாடி ஒரு நாற்காலியைப் போட்டு அங்கே கொஞ்ச நாள் உட்காருங்க" என்றீர்கள். இந்த வேலை முழுவதிலும் நான் கேட்ட மிக நல்ல யோசனை அதுதான். காலை, மதியம், சாயங்காலம் என்று மாற்றி மாற்றி உட்கார்ந்து, நிழல் விழும் ஓரத்தைச் சுண்ணாம்பால் கோடு போட்டு வைத்தேன். நான்கு மணிக்கு மேல் மேற்கு வெயில் சாய்வாக நேரே முகத்தில் அடிக்கிறது, தலைக்கு மேல் எவ்வளவு பெரிய பந்தல் போட்டாலும் அந்த வெயிலை அது மறைக்காது என்பது அப்படித்தான் தெரிந்தது. அதனால்தான் மேற்கே செங்குத்தாக ஒரு மரச்சட்டத் தட்டியும் அதில் ஏற ஒரு கொடியும் வந்தன. அப்புறம் தூசியையும் இரைச்சலையும் இரண்டு மாதம் பொறுத்துக்கொண்டீர்கள். எங்கள் விளக்கு உங்கள் படுக்கையறை ஜன்னலில் அடிக்கிறது என்று சுற்றி வளைக்காமல் சொன்னீர்கள். இப்போது எல்லா விளக்கும் தரையைப் பார்த்தே எரிகின்றன. மஞ்சள் நிற ஒளியாக மாற்றியதில் பூச்சி வருவதும் குறைந்திருக்கிறது.

மரத்தைப் பார்க்க வந்த பெரியவருக்கு நான் பட்டிருக்கும் கடன் பெரியது. தரையைச் சமமாக்க அடிமரத்தைச் சுற்றி மண் கொட்டி உயர்த்தலாம், குறுக்கே வரும் வேரை வெட்டிவிடலாம் என்று நான் சொன்னபோது நீங்கள் ஒரு நிமிடம் எதுவுமே பேசவில்லை. அப்புறம்தான் பொறுமையாக விளக்கினீர்கள். மரத்தின் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் 60 சென்டிமீட்டருக்குள்தான் இருக்கும், கிளை பரவியிருக்கும் வட்டத்தையும் தாண்டி ஓடும், மேலே மண்ணைக் கொட்டினால் வேருக்குக் காற்று போகாது, அடிமரத்துக்குப் பக்கத்தில் தடித்த வேரை வெட்டினால் மரம் பிடிப்பையும் இழக்கும் என்று. வரைபடத்தில் கல் பதிக்கும் இடத்தை இரண்டு மீட்டர் தள்ளினோம், அவ்வளவுதான் ஆனது. மரம் நிற்கிறது. அதன் நிழலில்தான் அம்மா உட்கார்ந்திருக்கிறார். அந்த நிழலை எந்தப் பந்தலும் தராது.

மேஸ்திரி அண்ணனுக்கு என்ன சொல்வது என்றே தெரியவில்லை. ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தோண்டச் சொன்னபோது, மேலே வரப்போகிற கல்லே ஆறு சென்டிமீட்டர்தானே, இவ்வளவு எதற்கு என்று கேட்டேன். பத்து சென்டிமீட்டர் ஜல்லி, அதன் மேல் மூன்று சென்டிமீட்டர் மணல், அதன் மேல் கல் என்று கையாலேயே அடுக்கிக் காட்டினீர்கள். உருண்டைக் கூழாங்கல் ஒன்றோடொன்று பிடிக்காது, உடைத்த ஜல்லியும் அதன் பொடியும் கலந்திருந்தால்தான் இறுகும் என்றீர்கள். மொத்தமாகக் கொட்டாமல் இரண்டு அடுக்காகப் போட்டு, ஒவ்வொன்றையும் திமிசு போட்டு இறுக்கினீர்கள். ஓரக்கல்லை கான்கிரீட்டில் பதித்த பிறகுதான் நடுவில் கல் வைக்கவே விட்டீர்கள். இப்போது மேலே இருந்து பார்த்தால் இதில் எதுவும் தெரியாது. வாக்கர் எங்கும் தடுக்காமல் உருண்டு போகிறதே, அதற்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத அந்தப் பதிமூன்று சென்டிமீட்டர்தான்.

இன்னொன்றை நான் மறக்கவே மாட்டேன். கல் பதித்து முடிந்த மறுநாள் நீங்களே இரண்டு வாளித் தண்ணீரைக் கொட்டிப் பார்த்தீர்கள். சுவரோரம் ஒரு முழ அகலத்துக்குத் தண்ணீர் தேங்கி நின்றது. நான் கவனித்திருக்கவே மாட்டேன். "வாட்டம் சரியில்ல தம்பி, பிரிச்சிடலாம்" என்று சொல்லி, கூலி பேசாமல் அந்த மூன்று வரிசையையும் பிரித்து மறுபடி பதித்தீர்கள். வாட்டம் என்றால் தண்ணீர் ஓடுவதற்கான சரிவு: மீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர், வீட்டிலிருந்து வெளிப்பக்கமாக. அதைவிடக் குறைந்தால் தண்ணீர் நிற்கும், கூடினால் வாக்கர் ஒரு பக்கமாக இழுக்கும். இரண்டுக்கும் நடுவில் அந்த ஒரு அளவைப் பிடிக்க நீங்கள் முழங்கால் போட்டு நூல் பார்த்துக்கொண்டிருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. மழைத் தண்ணீர் பக்கத்து மனைக்குப் போகாமல் செடிப் பாத்திக்குள் இறங்குகிறது, எங்கும் தேங்குவதில்லை. தேங்கினால் பத்து நாளுக்குள் கொசு வந்துவிடும், அம்மாவை வெளியே உட்கார வைப்பதில் அர்த்தமே இருந்திருக்காது.

எலெக்ட்ரீஷியன் தம்பிக்கு. கல் பதிப்பதற்கு முன்னாலேயே ஓடி வந்து, "இப்போ குழாய் போடலைன்னா நாளைக்கு எல்லாத்தையும் பெயர்க்கணும்ணா" என்று சொல்லி, தேவையானதற்கு மேல் காலியாக ஒரு குழாயும் சேர்த்துப் புதைத்தாயே, அதற்கு நன்றி. பழைய தண்ணீர்க் குழாயும் கழிவுக் குழாயும் எங்கே போகின்றன என்று தோண்டுவதற்கு முன்பே பிளம்பரோடு சேர்ந்து குறித்ததற்கும், வெளி இணைப்புக்கு, மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாமல் வேலையைத் தொட மாட்டேன் என்று பிடிவாதமாக நின்றதற்கும். ஈரமான இடம், வயதானவர் நடமாடும் இடம். உன் பிடிவாதம் சரிதான்.

தச்சர் ஐயாவுக்கு: பந்தல் கால்களைத் தரையில் நேரடியாகப் புதைக்காமல் இரும்புப் பாதத்தில் நிறுத்தி, மரத்தின் அடிப்பக்கம் தரையைத் தொடாமல் இடைவெளி விட்டீர்கள். மரம் அறுத்த முனை வழியாகத்தான் தண்ணீரை அதிகம் உறிஞ்சும் என்று நீங்கள் சொன்னது எனக்குப் புதிது. கூரைத் தகடு காற்றைப் பிடித்துத் தூக்கும், அதனால் அடித்தளத்துக்கு எடை வேண்டும் என்று குழியை நீங்கள் பெரிதாக்கச் சொன்னதையும் மறக்கவில்லை. கான்கிரீட்டுக்கு ஏழு நாள் விடாமல் தண்ணீர் ஊற்றியது எங்கள் வீட்டுப் பிள்ளைகள். காலையில் பள்ளிக்குப் போகும் முன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை. அவர்களுக்கும் நன்றி.

ஜல்லி சுமந்த இரண்டு சித்தாள் அக்காமார்களே, உங்கள் பெயரைப் பில்லிலும் யாரும் எழுதவில்லை, வரைபடத்திலும் எழுதவில்லை. வண்டி வர முடியாத சந்து வழியாக அத்தனை கல்லையும் மண்ணையும் தலையில் கொண்டுவந்து சேர்த்தது நீங்கள். வேலை முடிந்த அன்று அம்மா முதலில் கேட்டது உங்களைத்தான்.

மேஸ்திரி அண்ணே, நீங்கள் மட்டம் பார்த்த ரப்பர் டியூப் இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. சுருட்டிப் பந்தல் காலில் மாட்டி வைத்திருக்கிறேன். எடுக்க வரும்போது சாயங்காலமாக வாருங்கள், வீட்டில் எல்லோரையும் கூட்டிக்கொண்டு. அம்மா அந்த நேரத்தில் வெளியேதான் இருப்பார்.