நூலக அட்டைகள் சேரக் கை கொடுத்தவர்களுக்கு

அன்புள்ளவர்களுக்கு,

நூலக வார விழாவுக்காக எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில், நூலகக் கட்டடங்களின் படம் போட்ட என் பழைய போஸ்ட்கார்டுகளை மூன்று நாள் பார்வைக்கு வைத்திருந்தேன். வந்தவர்கள் எல்லோரும் என் கையைப் பிடித்துப் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டில் பெரும்பங்கு உங்களுடையது.

முதலில் பழைய பேப்பர் கடை அண்ணாச்சிக்கு. பரீட்சைத் தாள் கட்டு ஒன்றைப் பிரித்தபோது கன்னிமாரா நூலகத்தின் அட்டை கிடைத்திருக்கிறது. 1896 டிசம்பர் 5-ஆம் தேதி திறந்த அந்தக் கட்டடத்தைப் பழைய படத்தில் பார்க்க எத்தனை வருடம் அலைந்தேன் என்று அவருக்குத் தெரியும். நான் வரும்வரை நான்கு மாதம் கல்லாப்பெட்டியிலேயே வைத்திருந்தார். பத்து ரூபாய்க்கு மேல் வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

ஒஹாயோவில் இருக்கும் சித்தி மகனுக்கு அடுத்த நன்றி. ஞாயிற்றுக்கிழமைச் சந்தைகளில் தேடி, கார்னகி நூலக அட்டைகளாக அனுப்பிக்கொண்டே இருக்கிறான். அமெரிக்கத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகியின் பணத்தில் உலகம் முழுவதும் எழுந்தவை 2,509 நூலகங்கள். இடத்தை ஊர் தர வேண்டும், கொடுத்த தொகையில் பத்தில் ஒரு பங்கை வருடாவருடம் பராமரிப்புக்கு ஒதுக்க வேண்டும் என்பது அவர் வைத்த நிபந்தனை. சின்னஞ்சிறு ஊர்கள்கூடத் தங்கள் நூலகத்தை அட்டையில் அச்சடித்துப் பெருமையாக அனுப்பியதைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

ஏடுகளைப் பாதுகாக்கும் பணியில் இருந்து ஓய்வு பெற்ற ஐயாவுக்கு நான் பட்ட கடன் பெரியது. ஒரு கடையில் நல்லெண்ணத்தோடு லேமினேஷன் போட்டுக் கொடுத்ததில் ஒரு அட்டையை இழந்தேன். மற்றவை பிவிசி பிளாஸ்டிக் ஆல்பத்தில் பிசுபிசுத்துக் கிடந்தன. புது மழைக்கோட்டு வாசம் அடித்தால் அந்தக் கவரே வேண்டாம் என்றார். இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பாலியஸ்டர் பிலிம் உறைக்கு மாற்றிக் கொடுத்தார். நூலகர் அம்மாவும் வெயில் படாத சுவரோரமாக மேசைகளை நகர்த்திப் போட்டார். கையால் தீட்டிய வண்ணம் சீக்கிரம் வெளுத்துவிடும்.

அப்புறம், புதுச்சேரி அக்கா. பாரிஸின் செயின்ட் ஜெனவியேவ் நூலக அட்டையை அவரிடம்தான் கொண்டுபோனேன். அந்தக் கட்டடத்தின் முகப்பில் 810 எழுத்தாளர்களின் பெயர்களைச் செதுக்கியிருக்கிறார்கள். பூதக்கண்ணாடி வைத்தால் அட்டையில் அவை எறும்பு வரிசை போலத் தெரியும். முத்திரை 1902. அப்போதெல்லாம் பின்பக்கம் முகவரிக்கு மட்டும்தான், அதனால் எழுதியவர் சேதியைப் படத்தின் வானத்தில் நெருக்கி எழுதியிருக்கிறார். பொடிப்பொடியான பிரெஞ்சுக் கையெழுத்து. அக்கா ஒரு மத்தியானம் முழுக்கச் செலவழித்து வாசித்தார்: அம்மாவுக்கு மகன் எழுதியது. அறையில் குளிர் தாங்கவில்லையாம், இரவு மூடும்வரை இங்கேதான் உட்கார்ந்து படிக்கிறேன், கவலைப்படாதே என்று. கண்காட்சியில் பலர் நின்று படித்தது அக்காவின் தமிழாக்கத்தைத்தான்.

கூரையை ஒட்டி இருக்கும் கடைசி வரி மட்டும் இன்னும் பிடிபடவில்லை. பொங்கல் முடிந்ததும் வருகிறேன், அக்கா. பெரிய பூதக்கண்ணாடி ஒன்று வாங்கிவிட்டேன்.

அன்புடனும் நன்றியுடனும்,
உங்கள் அட்டைக்காரன்