மார்க் 3 எஞ்சினை ஓட வைத்தவர்களுக்கு நன்றி

மன்னார்குடி, கும்பகோணம், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் என்று பல ஊரிலிருந்தும் வந்து கைகொடுத்த அனைவருக்கும் வணக்கம்.

கொட்டகையில் பல வருஷம் நின்றுபோன அம்பாசிடர் மார்க் 3 பெட்ரோல் வண்டியின் எஞ்சின் மறுபடியும் ஓடுகிறது. அதே 1489 சி.சி. எஞ்சின், அதே பிஸ்டன், அதைச் சுற்றிய அதே ரிங். அது பிழைத்ததே, "சாவியைத் தொடாதீங்க" என்று முதல் நாளே தடுத்தவர்களால்தான்.

மன்னார்குடி மெக்கானிக் பெரியவரே, முதல் நன்றி உங்களுக்கு. நம் பக்கத்து ஐப்பசி, கார்த்திகை ஈரம் சைலன்சர் வழியாக ஏறி, திறந்து நிற்கும் வால்வைத் தாண்டி சிலிண்டருக்குள் போய்விடும். ரிங் துருவேறி போரோடு, அதாவது சிலிண்டரின் உள்சுவரோடு, ஒட்டிக்கொள்ளும். அந்த நிலையில் புது பேட்டரி கட்டி செல்ஃப் அடித்தால் ரிங் உடையும், போர் கீறும், செலவு, சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கும் ரீபோர் வரை போகும். நீங்கள் 4 ஸ்பார்க் ப்ளக்கையும் கழற்றி, டீசலும் எஞ்சின் ஆயிலும் சரிபாதி கலந்து, சிலிண்டருக்கு 30 மில்லி வீதம் சிரிஞ்சால் விட்டு ஊறப்போட்டீர்கள். அப்புறமும் எஞ்சினைக் கையால் சுற்றும் ஹேண்டிலை எடுக்க விடவில்லை. ஹேண்டில் ஒரு பக்கம்தான் பிடிக்கும், ஒட்டிய ரிங் இளக இரு பக்கமும் அசைய வேண்டும் என்று சொல்லி, டாப் கியரில் போட்டு வண்டியையே முன்னும் பின்னும் மெல்லத் தள்ளச் சொன்னீர்கள். ஒரு விரற்கடை அசைந்ததும் அன்றைக்கு அதோடு நிறுத்தினீர்கள். அந்தப் பொறுமைக்கு என்ன கொடுத்தாலும் தகும்.

எஞ்சின் மேல்மூடியான டாப்பெட் கவரைத் திறந்து 8 வால்வும் ஏறி இறங்குகிறதா என்று பார்க்கச் சொன்னதும் நீங்கள்தான். முன்னாலிருந்து 4வது, அதாவது 2வது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு, அழுத்தினால் இறங்கியது, திரும்ப ஏறவில்லை. வால்வை அழுத்தும் ராக்கருக்கும் வால்வுக் காம்புக்கும் நடுவே பளிச்சென்று இடைவெளி தெரிந்தது. அப்படியே சுற்றியிருந்தால் ராக்கரைத் தள்ளும் புஷ் ராட் நழுவியிருக்கும் அல்லது வளைந்திருக்கும். காம்பில் டீசல் விட்டு, சுத்தியின் மரப்பிடியால் தட்டித் தட்டியே அதை எழுப்பிவிட்டீர்கள்.

டாப்பெட் இடைவெளி (ராக்கருக்கும் வால்வுக் காம்புக்கும் நடுவே விடும் சந்து) வைக்கும்போது சொல்லித் தந்த ஒன்பது கணக்கை இளம் மெக்கானிக்குகளுக்காக இங்கே எழுதுகிறோம். 1வது வால்வு முழுதாக அழுந்தி நிற்கும்போது 8வதை வை. 4 அழுந்தினால் 5. 3 அழுந்தினால் 6. கூட்டினால் எப்போதும் ஒன்பது. எஞ்சின் ஆறியிருக்கும்போது இடைவெளி 15 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு).

ஆயில் வேலை பார்த்த கும்பகோணம் தம்பிகளுக்கு நன்றி. ட்ரெயின் ப்ளக்கைத் தளர்த்தியதும் முதலில் தண்ணீர்தான் வந்தது. ஆயிலைவிடக் கனம் என்பதால் அது ஆயில் தொட்டியான ஸம்ப் அடியில் கிடக்கும். ஃபில்டரை மாற்றி, 20டபிள்யூ-50 ஆயில் சுமார் 4 லிட்டர் ஊற்றி, ஸ்பார்க் ப்ளக் இல்லாமலேயே செல்ஃப் அடித்து ஆயில் பிரஷர் ஏற்றினீர்கள். பேரிங்கில் ஆயில் படியும் முன் எஞ்சின் ஸ்டார்ட் ஆகி ஓடக் கூடாது என்பதில் நீங்கள் காட்டிய கண்டிப்பு சரியானது.

மயிலாடுதுறை கார்பரேட்டர் அண்ணனுக்கு: பெட்ரோல் வரும் சிறு துளையான ஜெட்டில் கம்பி விடாமல் காற்று மட்டும் அடித்தீர்கள். கம்பி பட்டால் துளை பெரிதாகும், மைலேஜ் போகும். பெட்ரோல் பம்பின் சவ்வான டயாபிரத்தையும் விடாப்பிடியாக மாற்ற வைத்தீர்கள். காய்ந்து வெடித்த டயாபிரம் வழியாகப் பெட்ரோல் ஸம்பில் இறங்கினால் புது ஆயில் நீர்த்து, பேரிங் தேய்ந்துவிடும். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸ் அதற்குத் தாங்காது. ஹோஸ் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரகமாக வாங்கி வந்ததற்குத் தனி நன்றி. டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட் இடைவெளி 15 தௌ, ஸ்பார்க் ப்ளக் இடைவெளி 25 தௌ வைத்து, கண்டென்சரை மாற்றியதும் ஸ்பார்க் நீலமாக வந்தது.

நாகப்பட்டினம் ரேடியேட்டர்காரர் ரேடியேட்டரோடு நிற்கவில்லை. எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டுத் தண்ணீர்க் குழாயைத் திறந்தும் ஒரு சொட்டு வராதபோது, கம்பியால் குத்திச் சேறாய்ப் படிந்த துருவை வெளியே கொண்டுவந்தார். கடலோர ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் உப்பு எஞ்சினை என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியும். டிஸ்டில்ட் வாட்டரும் கூலண்டும் சரிபாதி கலந்துதான் ஊற்ற விட்டார்.

முதல் ஸ்டார்ட்டில் சிலிண்டரில் விட்ட எண்ணெய் எரிந்து தெருவே புகையானது. முகம் சுளிக்காமல் மணல் வாளியோடு பக்கத்தில் நின்ற அக்கம்பக்கத்தாருக்கும் நன்றி. சூடு ஆறுவதற்குள் அந்த ஆயிலையும் இறக்கிவிட்டோம். ஊறின துரு அதோடு போகட்டும் என்று.

பிரேக் மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர் ரப்பர்கள் மாற்றும் வரை வண்டி ரோட்டுக்கு வராது. மார்க் 3 வைத்திருப்பவர்களுக்குத் தேவையென்றால், எங்களிடம் ஒரு பம்ப் டயாபிரம் கிட்டும் டாப்பெட் கவர் கேஸ்கெட்டும் மிச்சம் இருக்கின்றன. விலை வேண்டாம், வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

நன்றியுடன்,
வண்டி வீட்டார்