போன்சாய் வளர்ப்போர் சங்கம்: 2024–2025 செயலாளர் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், இன்று நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நம் சங்கம் செய்த பணிகளை இப்பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

மாதக் கூட்டங்கள் பன்னிரண்டில் பத்து நடைபெற்றன. நவம்பர் கூட்டம் மழையால் தடைப்பட்டது. ஜனவரிக் கூட்டம் நடவாத காரணத்தைப் பின்னர் கூறுகிறேன். ஆகஸ்டில் உறுப்பினர்கள் மைசூரு கணபதி சச்சிதானந்த ஆசிரமத்தின் போன்சாய்த் தோட்டத்துக்குச் சென்று வந்தார்கள். பிப்ரவரியில் தொட்டி மாற்றும் பயிற்சி வகுப்பு நடைபெற்றது. மே மாதம் கோடை விழா நாட்களில் இரண்டு நாள் கண்காட்சி நடத்தினோம்; மழை பெய்யாததால் கூட்டம் நன்றாகவே வந்தது.

அந்தக் கண்காட்சியில் எழுந்த ஒரு கேள்வியை மட்டும் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். மரத்தைத் தொட்டிக்குள் அடக்கி வைப்பது அதை வதைப்பது ஆகாதா என்று பார்வையாளர்கள் பலர் கேட்டார்கள். நம் உறுப்பினர் ஒருவரும் அதையே கேட்டார். பின்னர் அக்காரணம் சொல்லியே சங்கத்திலிருந்து விலகினார். இந்த நீலகிரி மலையில் நம்மைச் சுற்றி இடுப்பளவில் நிற்கும் தேயிலையை அப்படியே விட்டுவிட்டால் அது மரமாக வளர்ந்துவிடும். நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை கிளைகளை வெட்டிக் கவாத்து செய்து, கொழுந்து பறித்துப் பறித்து அதைச் செடியாக நிறுத்தி வைத்திருப்பவர்கள் நாம்தான். அப்படி வெட்டப்பட்ட செடி இரண்டு தலைமுறைக்குச் சோறு போட்டுவிட்டு இன்னமும் துளிர்க்கிறது. வேருக்கும் தழைக்கும் உள்ள கணக்கை அறிந்து வெட்டினால் மரம் புதுப்பிக்கப்படுகிறது. தொட்டி மரத்துக்கு நாம் செய்யக்கூடிய வதை அதைக் கவனியாமல் விடுவதே. இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு; இந்த ஆண்டு நம் சங்கத்தில் அது நடந்தது.

பழைய தேயிலைச் செடிகளின் அடிக்கட்டைகளைப் போன்சாயாக வளர்க்கும் தேயிலைக் கட்டைத் திட்டம் பற்றி ஜூலைக் கூட்டத்தில் சில உறுப்பினர்கள் ஆட்சேபம் எழுப்பினார்கள். பொதுக்குழுவின் ஒப்புதல் பெறாமல் செயலாளர் சங்கப் பணத்தைச் செலவிட்டார் என்பது அவர்கள் குறை. அதற்கு எழுத்து மூலமான விளக்கம் அளிப்பது என் கடமை.

கோத்தகிரிப் பக்கம் சிறு தேயிலை விவசாயி ஒருவர், பச்சைத் தேயிலை விலை கட்டுப்படியாகாததால், கால் ஏக்கர் பழைய தேயிலைக்காட்டைப் பிடுங்கிவிட்டு மலைக்காய்கறி பயிரிட முடிவு செய்திருந்தார். பிடுங்கிய கட்டைகள் விறகுக்குத்தான் போகும். வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் மூன்று நாட்களுக்குள் எடுக்க வேண்டும் என்றார். அது 2024 ஜூன் முதல் வாரம். தென்மேற்குப் பருவமழை தொடங்கி, காற்றில் ஈரம் நிறைந்திருந்த நேரம். வேர் வெட்டிய கட்டை பிழைப்பதற்கு அதைவிட நல்ல பருவம் இல்லை. பொதுக்குழுவைக் கூட்டுவதென்றால் விதிப்படி பதினைந்து நாள் முன்னறிவிப்பு வேண்டும். தலைவர் அவர்களிடம் தொலைபேசியில் கேட்டேன்; அவர்கள் சம்மதித்தார்கள். 26 கட்டைகளை எடுத்தோம்.

தேயிலைத் தோட்டத்தில் 31 ஆண்டுகள் களப்பணி பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் அந்தக் கட்டைகளைப் பார்த்ததும் எனக்கு மனம் பொங்கியது. இப்போது நடப்படும் குளோன் செடிகள் போத்திலிருந்து, அதாவது வெட்டி நட்ட கிளைத்துண்டிலிருந்து, வளர்ந்தவை. அவற்றுக்கு ஆணிவேர் இராது. இவையோ விதையில் முளைத்த பழைய செடிகள். கவாத்துக்குக் கவாத்து முடிச்சு விழுந்து, அடிமரம் தொடை அளவுக்குப் பருத்து, நாலாபுறமும் வேர் பாதம் போல விரிந்திருந்தது. தொட்டியில் வைத்து அந்த அடிமரத்தை உருவாக்க வேண்டுமென்றால் நம் ஆயுள் போதாது. சீனத்திலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்த இந்தக் கலைக்கு, சீனச் செடியான தேயிலையையே, 1830களில் சோதனைப் பயிராக அது நடப்பட்ட கேத்தியிலேயே வைத்து வளர்க்கும் வாய்ப்பை விறகுக் கடைக்கு விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

கடப்பாரையும் மண்வெட்டியும் கொண்டு இரண்டு நாட்கள் தோண்டினோம். ஆணிவேரை அடியோடு அறுத்து, பக்க வேர்களை ஒரு சாண் அளவில் நிறுத்தி, மேல்மரத்தை ஒரு முழத்துக்குக் குறைத்து, வெட்டுவாய்களில் பூஞ்சையைத் தடுக்கும் போர்டோ பசை தடவினோம். தோட்டங்களில் கவாத்துக்கு முன் வேரில் மாவுச்சத்து இருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். பென்சில் கனமுள்ள வேரை நறுக்கி அயோடின் கரைசலில் தோய்த்தால், சத்து நிறைந்த வேரின் வெட்டுமுகம் கருநீலமாகும். 26இல் 23 கருநீலமாயின. மூன்று வெளிறியே நின்றன. அந்த மூன்றையும் வீசிவிட மனமின்றி நட்டேன். அவை துளிர்க்கவே இல்லை. சோதனை சொன்னதை நான் கேட்டிருக்க வேண்டும்.

உடனே போன்சாய்த் தொட்டியில் வைக்காமல் பலகைப் பெட்டிகளில்தான் நட்டோம். சல்லடையில் தூசி நீக்கிய செங்கல் சல்லி நான்கு பங்கு, பருமணல் மூன்று பங்கு, பைன் ஊசியிலை மட்கு மூன்று பங்கு. தேயிலைக்குப் புளிப்பு மண் வேண்டும் என்பதால் சுண்ணாம்பு கலந்த எதையும் சேர்க்கவில்லை. தூசியை நீக்காவிட்டால் மழைக்காலத்தில் அது அடியில் சேறாகப் படிந்து வேரை அழுகச் செய்யும். ஒவ்வொரு வகுப்பிலும் இதைச் சொல்கிறேன், இருந்தும் உறுப்பினர் வீடுகளில் சலிக்காத மண்ணைக் காண்கிறேன். பெட்டிகளைக் கேத்தியில் நம் சங்கக் கொட்டகையின் பின்புறம் வரிசையாக வைத்து, வெயில் படாமல் பெரணித்தழை போர்த்தினோம். உதகையிலிருந்து வருபவர்களுக்கும் குன்னூரிலிருந்து வருபவர்களுக்கும் கேத்தி நடுவில் இருக்கிறது, எல்லோரும் வர வசதி என்று கருதியே அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

ஏழாவது வாரம், ஜூலைக் கடைசியில், காலையில் பெரணியை விலக்கிப் பார்த்தபோது ஒரு கட்டையின் பட்டைச் சுருக்கத்துக்குள் கடுகளவில் செம்பழுப்பாக ஒரு துளிர் தெரிந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன். அதன் கீழே இன்னும் நான்கு இருந்தன. ஆகஸ்ட் முடிவதற்குள் 23 கட்டைகளும் துளிர்த்துவிட்டன. முதிர்ந்த தேயிலை மரம், கிளைக்கு வடிவம் கொடுக்கச் சுற்றும் கம்பிக்கு வளையாது, முறியும். எனவே தென்சீனத்து லிங்னான் முறையில், ஒரு தளிரை ஓடவிட்டு, பருத்தபின் வெட்டி, வெட்டிய இடத்தில் திசை மாறி வரும் அடுத்த தளிரை ஓடவிட்டு, இப்படியே கிளைக்குக் கோணம் கொடுப்பது என்று தீர்மானித்தோம். பச்சைத் தளிர்களுக்கு மட்டும் மெல்லிய அலுமினியக் கம்பி போதும். நவம்பரில் இரண்டு கட்டைகளில் மஞ்சள் மகரந்தத்தோடு வெள்ளைப் பூ பூத்தது.

ஜனவரியில் என் துணைவியாரின் அறுவை சிகிச்சைக்காக 8ஆம் தேதி முதல் 19ஆம் தேதி வரை பன்னிரண்டு நாட்கள் நான் கோவையில் இருக்க நேர்ந்தது. புறப்படுவதற்குப் பத்து நாள் முன்பே முறைப்பட்டியல் எழுதி வாட்ஸ்அப் குழுவில் இட்டேன். வேலை பெரிதன்று. மாலையில் பெட்டிகளின் மேல் பெரணியும் சாக்கும் போர்த்த வேண்டும்; காலையில் வெயில் விழும் முன் தண்ணீர் தெளித்து உறைபனியைக் கரைக்க வேண்டும்; மேல்மண் காய்ந்திருந்தால் ஒரு பூவாளி ஊற்ற வேண்டும். பதினான்கு உறுப்பினர்கள் சம்மதம் தெரிவித்தார்கள். அரவங்காட்டிலிருந்து ஒருவர் மூன்று நாட்களும், உதகையிலிருந்து ஒருவர் ஒரு நாளும் வந்தார்கள். மற்ற எட்டு நாட்கள் கொட்டகையின் பூட்டைத் திறக்க ஆள் வரவில்லை.

கேத்திப் பள்ளத்தாக்கின் ஜனவரியை உறுப்பினர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இரவில் புல்லெல்லாம் வெளுக்கும் பனி, பகலில் மேகமில்லாத வெயில், அதோடு வறண்ட காற்று. குளிர்ந்த மண்ணில் வேர் தண்ணீரை மெதுவாகத்தான் இழுக்கும். வெயிலும் காற்றும் இலையிலிருந்து வேகமாகப் பறிக்கும். ஏழு மாதப் புதுவேருக்கு அது தாங்கவில்லை. 20ஆம் தேதி காலை நான் போனபோது தளிர்கள் தேநீர் தூள் நிறத்தில் சுருண்டிருந்தன, தொட்டதும் உதிர்ந்தன. ஒவ்வொரு கட்டையாக நகத்தால் பட்டையைக் கீறிப் பார்த்தேன். பச்சை தெரிந்தவை பன்னிரண்டு, சுவர் நிழலில் இருந்த வரிசை. வெயில் பக்கம் இருந்த பதினொன்றும் உள்ளே பழுப்பாகிவிட்டன. வேர்க்கழுத்து வரை கீறியும் பச்சை இல்லை. அந்த மாதக் கூட்டத்தை நடத்த எனக்கு மனம் வரவில்லை. கூட்டம் நடவாத காரணம் அதுவே. அதை ஒத்திவைத்தது என் தனி முடிவு, அதற்கான பொறுப்பும் என்னுடையது.

வராதவர்கள் பெயரை இவ்வறிக்கையில் சேர்க்க வேண்டும் என்று செயற்குழுவில் ஒரு கருத்து எழுந்தது. நான் சேர்க்கவில்லை. ஒவ்வொருவருக்கும் பள்ளிக்கூட வேலை, கல்யாணம், காய்ச்சல் என்று காரணம் இருந்திருக்கும். வர இயலாது என்று ஒரு வரி எழுதியிருந்தால் ஆயிரம் ரூபாய்க்குள் பன்னிரண்டு நாளும் ஓர் ஆளை வைத்திருப்பேன். என் வருத்தம் அந்த ஒரு வரி வராததைப் பற்றியது.

வாஷிங்டன் தேசியத் தாவரத் தோட்டத்தில் ஜப்பானிய வெள்ளைப் பைன் ஒன்று இருக்கிறது. 1625 முதல் தொட்டியில் வளர்க்கப்படுவது. ஹிரோஷிமாவில் 1945 ஆகஸ்ட் 6 அன்று அணுகுண்டு வீழ்ந்தபோது, வளர்த்த குடும்பத்தாரின் தோட்டச் சுவருக்குப் பின்னால் நின்று தப்பியது. 1976இல் அமெரிக்காவுக்கு அளிக்கப்பட்டது. ஏறத்தாழ நானூறு ஆண்டுகளாக அதற்குத் தண்ணீர் ஊற்றும் கை மாறியிருக்கிறது, தண்ணீர் நின்றதில்லை. நம் பதினொன்றுக்கு எட்டு நாள் நின்றது.

சந்தா நிலவரமும் இதோடு சேர்ந்ததே. உறுப்பினர் 38 பேரில் 17 பேர் இந்த ஆண்டுச் சந்தாவாகிய 600 ரூபாயைச் செலுத்தவில்லை. அவர்களுள் ஆறு பேர் சென்ற ஆண்டுக்குரியதையும் செலுத்தவில்லை. கட்டைத் திட்டத்துக்குச் செலவிட்ட பணத்தைக் கேள்வி கேட்டவர்களில் சிலர் இந்தப் பதினேழில் இருக்கிறார்கள் என்பதை வருத்தத்துடன் குறிப்பிடுகிறேன். பிக்கப் வண்டி வாடகை, இரண்டு ஆட்களின் கூலி, பலகை, சல்லி எல்லாம் சேர்த்துத் திட்டச் செலவு 14,800 ரூபாய். ரசீதுகள் பொருளாளரிடம் இருக்கின்றன. மொத்த வரவு செலவைப் பொருளாளர் அவர்கள் தனியே வாசிப்பார்கள். சென்ற ஆண்டின் கையிருப்பைக் கொண்டு இந்த ஆண்டைச் சமாளித்தோம் என்று மட்டும் சொல்கிறேன்.

இன்னொன்றையும் கூறியாக வேண்டும். சோலைக்காட்டிலிருந்து காட்டுப்பூவரசுக் கன்றுகளைத் தோண்டி வந்து கூட்டத்தில் காட்டுவதை இனி ஏற்க இயலாது. காப்புக்காட்டில் வேரோடு பெயர்ப்பது 1882ஆம் ஆண்டு வனச் சட்டப்படி குற்றம். சட்டம் ஒருபுறமிருக்க, புல்வெளி ஓரத்தில் உறைபனியைத் தாங்கித் தலைதூக்கிய கன்றை எடுத்து வந்து நம் வீட்டு மாடியில் சாகவிடுவது எந்த வகையிலும் சரியன்று. தவிட்டுப்பழச் செடியையும் நாவலையும் விதையிட்டோ பதியம் போட்டோ வளர்க்கலாம்; வேலியோரத்துச் சைப்ரஸ், அகற்றப்படும் தேயிலை என நம் கைக்கு எட்டும் மரங்களும் நிறைய உள்ளன.

கண்காட்சிக்கு மேசைகள் தந்து உதவியவர்களுக்கும், மைசூருப் பயணத்தை ஒழுங்கு செய்த துணைத்தலைவர் அவர்களுக்கும், கணக்கைப் பொறுமையாக எழுதிவரும் பொருளாளர் அவர்களுக்கும், தணிக்கையாளருக்கும், தன் காட்டைத் திறந்துவிட்ட விவசாயிக்கும், அந்த நான்கு நாட்கள் வந்து பூட்டைத் திறந்த இருவருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

வரும் ஜூனில் பன்னிரண்டு கட்டைகளையும் பெட்டியிலிருந்து எடுத்து, வேரைச் சீர்செய்து, ஆழம் குறைந்த தொட்டிகளுக்கு மாற்ற வேண்டும். அதன்பின் அவற்றுக்குத் தண்ணீர் ஒரு நாளும் தவறக்கூடாது. ஆறு ஆண்டுகளாக இப்பொறுப்பில் இருக்கிறேன்; வேறு யாரேனும் ஏற்க முன்வந்தால் கொட்டகைச் சாவியை இன்றே ஒப்படைக்கத் தயாராக இருக்கிறேன், தண்ணீர் ஊற்ற என் முறைக்கு நான் வருவேன். யாரும் முன்வராவிட்டால் நானே தொடர்கிறேன். ஆனால் தொட்டிக்கு இருவர் வீதம் இருபத்துநான்கு பெயர்கள் இல்லாமல் இந்த ஜூனில் ஒரு பெட்டியையும் நான் திறக்கப்போவதில்லை. பெயர் எழுதும் தாளை வாசல் பக்கச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். பேனா அதன் கீழே கட்டியிருக்கிறது. அதன் அருகே மேசையில் பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு மாலை ஐந்து மணி வரை இருப்பார்கள்.

இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
செயலாளர்
கேத்தி, ஏப்ரல் 2025